இன்ஜெக்‌ஷனைக் கழற்றாதீர்கள்: 500 சிசி வண்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள 500 சிசி நண்பர்களுக்கு,



"ஸ்லோவில் நிற்க மாட்டேங்குது, எஃப்ஐயைத் தூக்கிட்டுக் கார்ப்பு போட்டுரலாம்னு இருக்கேன்" என்று உங்களில் யாராவது சொல்லக் கேட்டால் எனக்குப் பதறிவிடுகிறது. சமீப காலமாக இதை அடிக்கடி கேட்கிறேன். க்ளாசிக் 500 வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள், தண்டர்பேர்ட் 500 வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

க்ளாசிக் 500 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2009இல். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு ராயல் என்ஃபீல்டு 500 சிசி வரிசையையே நிறுத்திவிட்டது. ஆக, உங்களிடம் இருப்பதில் கடைசியாக வந்த வண்டிக்கே ஐந்து வயது தாண்டிவிட்டது. முதலில் வந்தவற்றுக்குப் பதினைந்துக்கும் மேல். 84 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டரில் 499 சிசி. அந்த எஞ்சின் புதிதாக இனி வரப்போவதில்லை. இருப்பதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

எஃப்ஐ என்கிற இன்ஜெக்‌ஷனுக்குப் பதில் கார்ப்பு, அதாவது கார்புரேட்டர், மாட்டுவதை ஒரு பாகத்தை எடுத்து இன்னொன்றைப் போடுகிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பை எடுக்க வேண்டும். பெட்ரோல் டேப்புக்கு வழி செய்ய வேண்டும். பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஈசியூ என்ற கம்ப்யூட்டர்தான் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்றும் சொல்கிறது என்பதால், இக்னிஷனுக்குத் தனியாக ஒரு யூனிட் தேட வேண்டும். ஒயரிங்கை வெட்ட வேண்டும். இத்தனையும் செய்து முடித்த பிறகும் ஸ்லோ நிற்காமல் திண்டாடும் வண்டிகள் உண்டு. காரணம் எளிது. கோளாறு இன்ஜெக்‌ஷனில் இல்லை. துருப்பிடித்த எர்த் ஒயரும், சோர்ந்துபோன டீகம்ப்ரஸர் ஸ்பிரிங்கும் கார்ப்பு வந்த பின்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வண்டி எவ்வளவு ஸ்லோவில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் சத்தம் நம்மில் பலரின் காதில் ஊறிப்போனது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வண்டி அணைந்தேவிட்டதோ என்று தோன்றும்; பிறகு அடுத்த அடி விழும். பிளாட்டினம் பாயிண்ட், கனத்த ஃப்ளைவீல், கையால் தள்ளிவைக்கும் டைமிங் எல்லாம் சேர்ந்து கொடுத்த சத்தம் அது. அதே சத்தம் வேண்டும் என்று க்ளாசிக் 500இன் ஸ்லோ திருகை முறுக்கி முறுக்கி ஸ்லோவை இறக்கிவிடுகிறார்கள். ஸ்லோ நிற்கவில்லை என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இப்படி இறக்கப்பட்டவை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் மூன்று கோளாறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பழைய புல்லட்டில் கையால் பிடிக்கும் டீகம்ப்ரஸர் லீவர் இருந்தது நினைவிருக்கும். இந்த எஞ்சினில் அது தானாக வேலை செய்கிறது. எக்ஸாஸ்ட் கேமில் ஒரு சிறு எடைக்கட்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால், அது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கம்ப்ரஷனைக் குறைக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டு வேகம் ஏறியதும் எடைக்கட்டை வெளியே விரிந்து வால்வை விட்டுவிடும். நீங்கள் ஸ்லோவை மிகவும் இறக்கினால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும் எஞ்சின் என்று அந்த எடைக்கட்டை எடுத்துக்கொள்ளும். வால்வு தூக்கப்படும், கம்ப்ரஷன் போகும், 'டப்' என்று ஒரு சத்தத்தோடு வண்டி அணையும். சிக்னலில் வண்டி திடீரென்று அணைந்து, மறுபடி பட்டனைத் தொட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறதென்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். வயதான வண்டியில் அந்த ஸ்பிரிங் சோர்ந்தோ, எடைக்கட்டை சிக்கியோ இருந்தால் சரியான ஸ்லோவிலேயே இப்படி நடக்கும். இதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை தடவை இன்ஜெக்டரைக் கழுவினாலும் தீராது.

அடுத்தது சார்ஜிங். ஸ்லோ இறங்க இறங்க ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட் குறையும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. எஞ்சின் ஓடும் வரை எரிந்துகொண்டே இருக்கும். பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ, காயில், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேட்டரி ஈடுகொடுக்க வேண்டிவரும். அண்ணா சாலை மாதிரி சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டத்தில், வீட்டுக்கு வந்து சேரும்போது பேட்டரி புறப்பட்டபோது இருந்ததைவிடச் சோர்ந்திருக்கும். சோர்ந்த பேட்டரியில் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், பம்ப் மெதுவாகச் சுற்றும், ஸ்லோ இன்னும் கெடும். கடைசியாக ஒன்று. இந்த எஞ்சினில் இருப்பது ஹைட்ராலிக் டாப்பெட். ஆயில் பிரஷரில்தான் அது தன் இடைவெளியைச் சரிசெய்துகொள்கிறது. ஸ்லோ அதிகம் இறங்கினால் ஆயில் பிரஷரும் இறங்கும், டாப்பெட் சத்தம் வரும். சத்தம் கேட்டதும் டாப்பெட் போய்விட்டது என்று இன்னொரு செலவு.

எனவே ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சற்று மேலே வையுங்கள். க்ளாசிக்கில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதை நம்பாதீர்கள். பிளக் ஒயரில் இரண்டு சுற்றுச் சுற்றி வைக்கும் சின்ன டிஜிட்டல் டேக்கோமீட்டர், சென்னை ஜிபி ரோடு போன்ற இடங்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது இரண்டு மடங்காகக் காட்டினால் அதன் செட்டிங்கை மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பழைய புல்லட் சத்தம் வேண்டுமென்றால் பழைய புல்லட்டில்தான் கிடைக்கும். 500க்கு அதற்கென்று ஒரு சத்தம் இருக்கிறது. அதுவும் நல்ல சத்தம்தான்.

ஸ்லோ சரியான அளவில் இருந்தும் ஏறி இறங்கி ஆடுகிறது என்றால், இனிதான் தேட வேண்டும். அதற்கு முன் இந்த அமைப்பு ஸ்லோவில் என்ன செய்கிறது என்பது தெரிந்திருப்பது நல்லது.

ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். எஞ்சினுக்கு வேண்டிய காற்று பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு பைபாஸ் வழியாகப் போகும். ஆயிரம் ஆர்பிஎம்மில் ஒரு விநாடிக்கு எட்டுத் தடவைதான் எஞ்சின் காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு தடவையும் இன்ஜெக்டர் சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், தகடு நிற்கும் நிலை, காற்றின் சூடு, எஞ்சினின் சூடு, சைலன்சர் பைப்பில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜன் இவற்றை வைத்து ஈசியூ முடிவு செய்கிறது. காற்றின் அளவே மிகக் குறைவாக இருக்கும் இந்த நிலையில், எங்கோ ஒரு விரிசல் வழியாகக் கூடுதலாகப் புகும் சிறிது காற்று பெரிய விகிதமாகிவிடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அதே கசிவு கணக்கில் வராத அளவுக்குச் சிறியது. ஓட்டும்போது நன்றாக ஓடி, நிறுத்தும்போது மட்டும் வண்டி தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். ஈசியூ போய்விட்டது என்று யாராவது சொன்னால், இந்த ஒன்றை வைத்தே மறுத்துப் பேசலாம். ஈசியூ அரிதாகத்தான் போகும்.

தேடலைக் காற்றிலிருந்து தொடங்குங்கள். த்ராட்டில் பாடியை ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டுதான் என் கணக்கில் முதல் குற்றவாளி. ஒரு பக்கம் ஹெட்டின் சூடு, மறுபக்கம் பெட்ரோல் ஆவி, மேலிருந்து பத்து வருட வெயில். வண்டியில் இருக்கும்போது பார்த்தால் வழவழவென்று புதிதுபோலத் தெரியும். அதைக் கழற்றி எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் வளைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் படாத கீழ்ப்பக்கத்தில், கிளாம்ப் கடித்த வரியை ஒட்டி, மயிரிழை போன்ற கோடுகள் வாய் பிளக்கும். விட்டால் மூடிக்கொள்ளும். ரப்பர் கையில் இறுகி, நகம் வைத்தால் பதியாமல் இருக்கும். அந்தக் கோடுகள் உள்வரை போயிருக்கின்றன என்றால் வேறெதையும் தேட வேண்டாம். மேலே சிலிக்கான் பூசி ஓட்டுவது ஒரு மாதம் தாங்கலாம். பெட்ரோல் ஆவி அதை உரித்துவிடும். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள், கிளாம்பையும் சேர்த்து.

கழற்றாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ரப்பரின் மேலும் அதன் இரண்டு ஓரங்களிலும் இன்ஜெக்டர் உட்காரும் ஓரிங்கைச் சுற்றியும் லேசாக அடியுங்கள். தண்ணீர் விரிசலை அடைத்த நொடியில் எஞ்சின் சத்தம் மாறும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின், பக்கத்தில் பிளக் ஒயர், தலைக்கு மேலே டேங்க். அந்த வேலையைத் தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்.

காற்றுக் கசிவுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஆக்ஸிலேட்டரை ஒரு தரம் முறுக்கி விட்டால் எஞ்சின் வேகம் சட்டென்று இறங்காது. மேலேயே தொங்கி நின்று, பிறகு மெதுவாக இறங்கும். கூடுதலாகப் புகுந்த காற்றை, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பார்த்துவிட்டு ஈசியூவிடம் சொல்ல, அது அதற்கேற்றாற்போல் பெட்ரோலைக் கூட்டுகிறது. அதனால் வருவதுதான் இந்தத் தொங்கல். இதே அடையாளம் க்ளாசிக்கின் இடது கைப்பிடி அருகே சோக் மாதிரி இருக்கும் பை-ஸ்டார்ட்டர் லீவராலும் வரலாம். அது குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்று கொடுப்பதற்கானது. கேபிள் துருப்பிடித்து இறுகினாலோ, கேபிளில் தளர்வே இல்லாமல் இழுத்து வைத்திருந்தாலோ லீவர் மூடிய இடத்தில் நிற்கும். உள்ளே வழி மூடியிருக்காது. ஹேண்டில்பாரை உயரமாக மாற்றியவர்கள் இதை அவசியம் பாருங்கள். ஸ்லோவில் வைத்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் வேகம் மாறினால் ஏதோ ஒரு கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது த்ராட்டில் பாடியின் அழுக்கு. எஞ்சினின் மூச்சுக் குழாய் ஏர் ஃபில்டர் பெட்டிக்குத்தான் போகிறது. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிய வண்டியில் ஆயில் ஆவி பெட்டிக்குள் படிந்து, அங்கிருந்து த்ராட்டில் தகட்டின் விளிம்பிலும் பைபாஸ் துளையிலும் கறுப்புப் பிசினாக உட்காரும். மாதம் போகப் போக ஸ்லோ இறங்கும், ஆள் திருகைக் கூட்டுவார், மறுபடி இறங்கும். திருகைத் தொடாமல் முதலில் சுத்தம் செய்யுங்கள். கிளீனரைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் துடைக்க வேண்டும். உள்ளே நேராகப் பீய்ச்சினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்குள் இறங்கும். கம்பி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்லோவைக் கூட்டிக் குறைக்கும் பைபாஸ் திருகு ஒன்று, த்ராட்டில் தகடு வந்து முட்டி நிற்கும் திருகு வேறு. பின்னதைக் கம்பெனியிலேயே அளந்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திருகினால் தகடு மூடிய நிலையே மாறிவிடும். மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதே ஈசியூவுக்குக் குழம்பும். கார்ப்பு வண்டியில் கைபழகிய மெக்கானிக்குகள் பாதி நேரம் கைவைப்பது இதில்தான். வண்டியைக் கொடுக்கும்போதே "அண்ணே, அந்தத் திருகை மட்டும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இதனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காற்று சரி என்றால் கரன்ட். இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். நான் இரண்டாவதாகவே பார்க்கச் சொல்வேன். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஹெட்லைட் எரியும்போது ஸ்லோவில் 13ஐத் தாண்ட வேண்டும். கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 14ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஸ்லோவில் 12.3, ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் 12.8 என்றால் இன்ஜெக்‌ஷனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ரெகுலேட்டர், ஆல்டர்னேட்டர் காயில், அவற்றின் கப்ளர் என்று போங்கள். அந்தக் கப்ளர் உருகிப் பழுப்பேறியிருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம்.

மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் எர்த் ஒயரைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸிலிருந்து கிளம்பும் கறுப்பு ஒயர் பிரேமில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? போல்ட்டைக் கழற்றினால் வளையத்தின் முன்பக்கம் பளபளக்கும். திருப்பினால் பிரேமில் உட்காரும் பக்கத்தில் வெள்ளைப் பொடியும், ஒயர் நுழையும் கழுத்தில் பச்சைக் களிம்பும் இருக்கும். அங்கே கையால் வளைத்தால் ஒயர் நொறுங்கும் சத்தம் வரும். ஹாரன் அடிக்க, லைட் எரிய அது போதும். மில்லி வோல்ட் கணக்கில் சென்சார் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் ஈசியூவுக்குப் போதாது. இண்டிகேட்டர் போடும்போது ஸ்லோ இண்டிகேட்டரின் தாளத்துக்கு ஆடுகிறது என்றால் எர்த்தைத் தவிர வேறொன்றை முதலில் தொடவே கூடாது. புதுவளையம் வைத்து, பிரேமில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

மழைக்குப் பிறகோ வாட்டர் வாஷுக்குப் பிறகோ மட்டும் ஆடுகிற வண்டிக்குக் கப்ளர்கள்தான் காரணம். ஒவ்வொன்றாகப் பிரித்து, பித்தளைப் பின்களில் பச்சை இருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து மாட்டுங்கள். பைக் கழுவும் இடத்தில் பிரஷர் துப்பாக்கியை டேங்குக்கு அடியில் காட்ட விடாதீர்கள்.

இனி பெட்ரோல். இதில் நம் வண்டிகளின் காலத்துக்குப் பிறகு நாட்டில் ஒன்று மாறிவிட்டது. இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டிகள் எல்லாமே அதற்கு முந்தியவை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் தேவை. ஆக்ஸிஜன் சென்சார் நன்றாக இருக்கும் வண்டியில், எஞ்சின் சூடான பிறகு ஈசியூ இதைக் கவனித்து ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். கார்ப்பில் இந்த ஈடுகட்டல் கிடையாது. ஜெட்டை மாற்றினால்தான் உண்டு. எத்தனால் வந்த பிறகு இன்ஜெக்‌ஷனைக் கழற்றுவது இன்னும் தப்பான காரியம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு எத்தனால் நல்லதல்ல. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கும். பம்ப் இருப்பதும் அந்த அடியில்தான். டேங்க் உள்ளே துருப்பிடிக்க, துருத்தூள் பம்பின் வடிகட்டியை அடைக்கும். மீறிப் போனது இன்ஜெக்டரில் போய் உட்காரும். சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகி நிற்கும் சத்தத்தைக் காதில் பழக்கிவைத்துக்கொள்ளுங்கள். அந்த முனகல் நீண்டாலோ, கரகரத்தாலோ, வண்டி சூடான பின் மட்டும் மெலிந்தாலோ பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். இந்த வகைப் பம்புகள் சுமார் 3 பார் பிரஷரில் வேலை செய்பவை. அளக்கும் கேஜ் இல்லாத இடத்தில் பம்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நிறுத்தி வைக்கப்போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். ஈரக்காற்றுக்கு இடமே இருக்காது. இன்ஜெக்டரை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவும் இடங்கள் எல்லாப் பெரிய ஊர்களிலும் வந்துவிட்டன. கழுவிய பின் ஓரிங் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே மாட்டினால் பெட்ரோல் கோளாறை நீக்கிவிட்டுக் காற்றுக் கசிவை உண்டாக்கிக்கொள்வீர்கள்.

சென்சார்களைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் மேலே சொன்னவற்றைவிட அவை அரிதாகவே கெடுகின்றன. மீட்டரில் எஞ்சின் விளக்கு மினுக்கினால் அதை எண்ணுங்கள். நீண்ட மினுக்கல் பத்து, குட்டை மினுக்கல் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12. அந்த எண்ணை எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது. ஆனால் விளக்கு எரியாமலே சென்சார் பொய் சொல்லலாம். எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் தளர்ந்து, எஞ்சின் கொதிக்கும்போதும் குளிர்ந்திருப்பதாகச் சொன்னால் பெட்ரோல் கூடிக்கொண்டே போகும். குளிரில் அருமையாக நிற்கும் ஸ்லோ சூடானதும் திணறும், பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒரு தடவை, ஓட்டிவிட்டு வந்து ஒரு தடவை அதன் ஓம் அளவை எடுங்கள். சூடானதும் நன்றாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் மாற்றுங்கள்.

சைலன்சரை மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகுந்து ஆக்ஸிஜன் சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து ஈசியூ கூட்டும். ஸ்லோவும் ஆடும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பைப்பில் வெடியும் வரும். அந்த வெடிச் சத்தத்தைப் பெருமையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது கசிவு.

இன்னொன்று, உங்களால் மட்டுமே முடிவது. ஊருக்கு ஊர் 500 வைத்திருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து மகாபலிபுரமோ ஏற்காடோ போகிறீர்கள். சந்தேகப்படும் சென்சாரை நன்றாக ஓடும் இன்னொரு 500இல் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புதிது வாங்கிப் போட்டுப் பார்த்து, அது இல்லை என்று அடுத்ததை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றைச் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நாளில் பிளக், ஃபில்டர், சென்சார், பம்ப் எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் அதே செலவு மறுபடி வரும்.

கோளாறு கிடைத்துச் சரிசெய்த பின் கடைசியாகத்தான் பைபாஸ் திருகு. பத்து கிலோமீட்டராவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பொறுத்து ஆர்பிஎம்மைப் பாருங்கள். எத்தனை சுற்றில் இருந்ததை எத்தனைக்கு மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

ஏற்கெனவே கார்ப்பு மாட்டிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய த்ராட்டில் பாடி, ஈசியூ, பம்ப், ஒயரிங் இவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றி, ஈரம் படாமல், எந்த வண்டியுடையது, எந்த வருடம் என்று ஒரு சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். உங்களுக்குத் திரும்ப மாட்ட மனம் வரலாம். வராவிட்டாலும், உங்கள் ஊரிலேயே அந்த த்ராட்டில் பாடி கிடைக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் ஒருவர் இருப்பார். அவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு 500 வைத்திருப்பவன்